புள்ளித்தாளும் பிள்ளையின் வயிற்றுநோவும்

ஓகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் லாச்சப்பல் வீதிகளில் வலம் வந்து முடிய, சிதறுதேங்காயின் ஈரம் காய்வதற்கிடையில் பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிடுகின்றன. ரூ காய் கடைகளுக்கு வரும் எம்மவர் கைகளில் முருங்கைக்காய்ப் பையோடு கொப்பி, பென்சில் பையும் சேர்ந்து தொங்குகிறது. அடுத்த சில கிழமைகளில் கடைவாசற் பேச்சும் மாறுகிறது. மீன் விலையும் ஊர்ப் புதினமும் பின்னுக்குப் போய், "உங்கட பிள்ளைக்கு எவாலுவாசியோனில என்ன வந்தது?" என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

அப்படியொரு காலத்தில் ஒரு தந்தை எமது சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு தாளோடு வந்தார். அவருடைய மகனுக்கு ஏழு வயது. ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சத்தமாக வாசிக்கிறான் என்று பள்ளியில் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கீழே வந்திருந்தது. தந்தை உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். மாலை வேலைக்குப் போகுமுன் தினமும் மகனை முன்னால் இருத்தி, கைத்தொலைபேசியில் மணி பிடித்து வாசிக்க வைத்திருக்கிறார். மூன்றாவது கிழமையில் பிள்ளை காலையில் "அப்பா, வயிறு நோகுது" என்று சொல்லத் தொடங்கினான். விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பி வந்தது.

குடும்ப மருத்துவர் வயிற்றை அமத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை செய்வித்தார். குறை எதுவும் இல்லை. கடைசியில், "வீட்டில் பின்னேரங்களில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். அதன் பிறகுதான் தந்தை பள்ளிக்குப் போய் ஆசிரியையைச் சந்தித்தார். ஆசிரியை சொன்ன பதில் எளிமையானது: "அந்தத் தேர்வு எனக்காக. எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் கைகொடுக்க வேண்டும் என்று நான் அறிவதற்காக. அதை வைத்து நீங்கள் அவனைப் பேச வேண்டாம்."

மணி பிடிப்பது நின்றது. சில கிழமைகளில் வயிற்றுநோவும் நின்றது. வாசிப்பு மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

இந்த நலவாழ்வுப் பகுதியில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு பற்றியெல்லாம் எழுதிவருகிறோம். இம்முறை பரீட்சையைப் பற்றி எழுதுவதற்கு அந்தத் தந்தை கொண்டுவந்த தாளே காரணம்.

இது என்ன தேர்வு?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே விதமான திருத்தம் என்று நடத்தப்படுவதைப் பொதுத் தரத் தேர்வு என்கிறோம். பிரான்சில் தேசிய மதிப்பீடுகள் 1989 இல் தொடங்கின. பிறகு பலமுறை உருமாறின. இப்போதைய வடிவில் 2018 இல் முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கு (சேபே, சே-ஏ-அன்) வந்தன. 2023 இல் நான்காம் வகுப்புக்கும், 2024 இல் மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தன. கொலேஜில் ஆறாம் வகுப்பில் நுழையும் பிள்ளைகள் கணினியில் இதே போன்ற தேர்வு எழுதுகிறார்கள். 2023 முதல் கத்ரியேம் வகுப்பிலும் உண்டு. முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செப்டெம்பரில் ஒன்று, சனவரியில் இன்னொன்று.

ஆக, ஆரம்பப் பள்ளியின் ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூட இப்போது தேர்வில்லாமல் கழிவதில்லை. 2024 இல் இது விரிவாக்கப்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் பல இதனை எதிர்த்தன. தமது வகுப்புப் பிள்ளையைத் தமக்குத் தெரியும், இத்தனை தேர்வுகள் பாட நேரத்தைத் தின்கின்றன என்பது அவர்களின் வாதம்.

தேர்வு முடிந்ததும் பெற்றோருக்கு முடிவு தெரிவிக்கப்படுகிறது. பல பயிற்சிகளில் பிள்ளைகள் மூன்று பகுதியாகப் பார்க்கப்படுகிறார்கள்: நிறைவாக உள்ளவர்கள், தளம்பும் நிலையில் உள்ளவர்கள், உதவி தேவைப்படுபவர்கள். நடுவிலுள்ள தளம்பும் நிலைக்குப் பிரெஞ்சில் 'பிறாஜில்' என்று பெயர். உடைந்துபோகக்கூடிய பொருட்களின் பெட்டியில் ஒட்டுவதும் இதே சொல்தான். இதைத் தாளில் பார்த்து ஒரு தாய் கலங்கிப்போனதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒன்றை எல்லாப் பெற்றோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்தத் தேர்வு முடிவினால் எந்தப் பிள்ளையும் வகுப்பேற்றத்தை இழப்பதில்லை. இது பிறெவேயும் அல்ல, பக்கும் அல்ல.

தேர்வுக்குத் தெரியாதவை

பொதுத் தேர்வினால் பயன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பகுதிப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர் தேவை, எந்த வயதில் கணிதம் சறுக்குகிறது என்பதை அரசு அறிய ஒரு பொது அளவை வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் குறை சிலவேளை இதில்தான் முதலில் தெரியவரும். ஆனால் தராசு காட்டாத பல உண்டு.

முதலாவது, வேகம். முதலாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 50 சொற்கள், இரண்டாம் வகுப்பு முடிவில் 70, ஆறாம் வகுப்பில் நுழையும்போது 120 என்பது இங்கே எதிர்பார்க்கப்படும் வாசிப்பு வேகம். தடக்கின்றி வாசிப்பது நல்லதுதான். ஆனாலும் நிதானமாக வாசித்து நன்றாக விளங்கிக்கொள்ளும் பிள்ளையும் உண்டு, கடகடவென்று ஓடி ஒன்றும் விளங்காத பிள்ளையும் உண்டு. மணிக்கூடு இவர்களைப் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது, மொழி. ஆசிரியர் சொல்லும் சொல்லுக்குரிய படத்தைத் தெரிவுசெய்யும் பயிற்சி சின்ன வகுப்புகளில் உண்டு. வீட்டில் 'அகப்பை' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'லூஷ்' என்ற பிரெஞ்சுச் சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். பொருள் தெரியும், பயன் தெரியும், அந்த மொழியில் பெயர் மட்டும் தெரியாது. இரண்டு மொழியில் வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருந்தாலும், இரண்டையும் கூட்டினால் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாகவே இருக்கும் என்று மொழி வளர்ச்சி ஆய்வுகள் கூறுகின்றன. பொதுத் தேர்வு ஒரு பக்கத்தை மட்டுமே எண்ணுகிறது.

மூன்றாவது, அந்த நாள். முதல்நாள் இரவு கொண்டாட்ட மண்டபத்தில் பதினொரு மணிவரை விழித்திருந்த பிள்ளை, தடிமனோடு வந்த பிள்ளை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை, வீட்டில் நடந்த சண்டையைக் கேட்டுக்கொண்டு வந்த பிள்ளை, எல்லோருக்கும் ஒரே தாள். தாளில் வருவது அந்தக் காலைப்பொழுதின் கணக்கு.

நான்காவது, காரணம். தேர்வு 'குறைவு' என்று சொல்லும். ஏன் குறைவு என்று சொல்லாது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதா? ஒரு காது சரியாகக் கேட்கவில்லையா? வாசிப்புக் குறைபாடு (டிஸ்லெக்சி) உண்டா? பிள்ளை போதிய அளவு உறங்குகிறதா? இவற்றைத் தாள் கேட்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, அளக்க முடியாதவை. பத்து வயதிலேயே கடிதங்களைப் பிரித்து வாசித்துத் தாய்க்குத் தமிழில் விளக்கும் பிள்ளைகள், அலுவலகங்களில் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகள் எமது வீடுகளில் எத்தனை பேர்! அந்தத் திறமைக்கும் பொறுமைக்கும் எந்தத் தேர்விலும் புள்ளி இல்லை.

குடும்பத்தின் வசதியும் இந்தப் புள்ளிகளில் பங்கு போடுகிறது. 2022 இல் நடந்த பன்னாட்டுப் பீசா ஆய்விலும், குடும்ப வசதிக்கும் பிள்ளையின் கணிதப் புள்ளிக்கும் இடையிலான தொடர்பு பலமாக உள்ள நாடுகளில் ஒன்றாகப் பிரான்ஸ் இருந்தது. இரண்டு வேலை செய்யும் பெற்றோரின் சின்ன வீட்டுப் பிள்ளையையும், தனி அறையும் புத்தக அலுமாரியும் உள்ள பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, கோட்டைத் தாண்டாதது பிள்ளையின் குற்றம் என்று சொல்வது நியாயமில்லை.

பக்கத்துத் தெருவில் தொடங்கிய கதை

இந்தக் கதையின் ஒரு தொடக்கம் எமது லாச்சப்பலுக்கு நடைதூரத்தில் இருக்கிறது என்பது பலருக்கும் புதினமாக இருக்கும். பாடசாலையில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராயப் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு 1904 இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் அல்பிரெட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905 இல் பிள்ளைகளின் அறிதிறனைப் பார்க்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் இதே 10 ஆம் வட்டாரத்தில், குறோஞ்-ஓ-பெல் தெருவிலிருந்த ஆரம்பப் பள்ளியில் அவர் ஓர் ஆய்வுகூடத்தையும் தொடங்கினார். அந்தப் பள்ளியின் அதிபர் வானே, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அளவுகளை உருவாக்கினார்.

பினேயின் நோக்கம் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது. அறிதிறன் பிறப்போடு பூட்டப்பட்டதல்ல, பயிற்சியால் வளர்வது என்று 1909 இல் வெளிவந்த தமது நூலில் அவர் வாதிட்டார். 1911 இல் அவர் காலமானார். அவருடைய அளவுகோல் அமெரிக்காவுக்குப் போய் வேறு உருவம் எடுத்தது. 1917 இல் படையினரைத் தரம் பிரிக்கவும், பிறகு மனிதரை மேல் கீழ் என்று அடுக்கவும் அதன் வழிவந்த தேர்வுகள் பயன்பட்டன. உதவி செய்யப் பிறந்த கருவி முத்திரை குத்தும் கருவியாயிற்று.

ஒரு தேர்வு நல்லதா கெட்டதா என்பது கேள்வித்தாளில் மட்டும் தங்கியில்லை. முடிவை வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில் பாதிக்கு மேல் தங்கியிருக்கிறது. வாங்குபவர்களில் நாமும் ஒருவர்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பயம்

எமக்கு ஏன் புள்ளி என்றதும் நெஞ்சு பதறுகிறது? அதற்குக் காரணம் உண்டு. ஊரில் பரீட்சை என்பது ஒரே வாசல். அந்த வாசலும் எமக்கு ஒடுக்கப்பட்டது. 1970 களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வேறு வேறு புள்ளி வைக்கப்பட்டபோது, மருத்துவபீடத்துக்குச் சிங்கள மாணவருக்கு 400 க்கு 229 போதுமாக இருந்தது, தமிழ் மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. 1973 இல் வந்த புள்ளித் தரப்படுத்தலும், அடுத்துவந்த மாவட்ட ஒதுக்கீடும் ஒரு தலைமுறையின் வாழ்வைத் திருப்பிப்போட்டன. ஒரு புள்ளி குறைந்தால் ஒரு வாழ்க்கை குறைந்தது என்று எமது மூத்தோர் பயந்ததில் பொய்யில்லை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் அப்படித்தான். கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், 1940 களில், வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நல்ல பள்ளிகளுக்குக் கொண்டுவரத் தொடங்கப்பட்ட நல்ல காரியம் அது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் 200 புள்ளிகளுக்கு எழுதும் போட்டியாக வளர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. விளையாட்டு நின்றுவிடுகிறது. 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் சில கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, விடயம் உயர் நீதிமன்றம்வரை போனது. பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சைக்கு நீதிமன்றம்! அந்தப் பரீட்சைமேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டுள்ளது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்தப் பயத்தை நாம் விமானத்தில் ஏறும்போது இறக்கிவைக்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளையின் தாளை ஊர்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறோம். 'இந்தப் பிள்ளைக்கு வாசிப்பில் உதவி தேவை' என்று பள்ளி எழுதுகிறது. 'உன் பிள்ளை தோற்றுவிட்டது' என்று நாம் வாசிக்கிறோம்.

மற்ற நாடுகள் கண்ட அனுபவம்

அமெரிக்காவில் 2002 இல் வந்த சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வைக் கட்டாயமாக்கி, புள்ளி உயராத பள்ளிகளுக்குத் தண்டனையும் வைத்தது. பல பள்ளிகளில் சித்திரம், இசை, சமூகக்கல்வி நேரம் சுருங்கின. அத்லாந்தா நகரில் புள்ளியை உயர்த்துவதற்காக ஆசிரியர்களே விடைகளை மாற்றினார்கள் என்று 2011 இல் மாநில விசாரணை கண்டறிந்தது. 44 பள்ளிகளில் முறைகேடு, 178 கல்வியாளர்கள் சம்பந்தம். 2015 இல் அந்தச் சட்டமே மாற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 இல் அறிவித்த அரசு, பெற்றோரும் கல்வியாளரும் எதிர்த்ததால் 2020 பெப்ரவரியில் அதைக் கைவிட்டது. பரீட்சைக்குப் பெயர்போன சிங்கப்பூரே 2019 முதல் முதலாம், இரண்டாம் வகுப்புகளில் பரீட்சைகளை நிறுத்தியது. 2021 முதல், ஆறாம் வகுப்புத் தேர்வில் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடும் நுணுக்கப் புள்ளியை விட்டு அகலமான தரநிலைகளுக்கு மாறியது. ஒரு புள்ளி வித்தியாசத்துக்காகப் பிள்ளைகள் வதங்க வேண்டாம் என்பதே காரணம்.

உடல் சொல்லும் செய்தி

பயம் வந்தால் உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. அட்றினலின், கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், உள்ளங்கை வியர்க்கும். சிறிதளவு பயம் பிள்ளையை உசார்ப்படுத்தும். அதுவே மாதக்கணக்கில் நீண்டால் உறக்கம், பசி, ஞாபகம் மூன்றையும் கெடுக்கும். 'பிழைவிட்டால் அப்பா பேசுவார்' என்ற எண்ணம் மூளையின் தற்காலிக ஞாபக இடத்தை நிரப்பிவிடுவதால், தெரிந்த கணக்கும் அந்த நேரத்தில் மறந்துபோகிறது. ஆக, பயமுறுத்திப் படிப்பிப்பது புள்ளிக்கும் கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு 'எனக்கு மனம் சரியில்லை' என்று சொல்லத் தெரியாது. அவர்களின் உடல் சொல்லும். கவனிக்க வேண்டியவை இவை:

• பள்ளி நாட்களின் காலையில் வயிற்றுநோ, தலையிடி, சத்தி. விடுமுறையில் அவை மறைந்துபோதல்.

• உறக்கம் வராமை, இரவில் பயந்து எழும்புதல், விட்ட படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல்.

• நகம் கடித்தல், முடி பிடுங்குதல், அடிக்கடி கண் சிமிட்டுதல்.

• பிடித்த விளையாட்டில் விருப்பம் குறைதல், சின்ன விடயத்துக்கும் கோபம், அழுகை.

• "நான் மக்கு", "எனக்கு ஒண்டும் வராது" என்று அடிக்கடி சொல்லுதல்.

• புள்ளித்தாளை ஒளித்தல், பொய் சொல்லுதல்.

வயிற்றுநோ எல்லாம் பரீட்சைப் பயம்தான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதுபோல, மருத்துவர் ஒன்றும் இல்லை என்றதும் பிள்ளை நடிக்கிறது என்று நினைக்கவும் கூடாது. நோவு உண்மையானது, அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

வளர்ந்த பிள்ளை "வாழப் பிடிக்கவில்லை" என்ற அர்த்தத்தில் எதைச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். பிரான்சில் 3114 என்ற இலக்கம் இரவு பகல் என்றில்லாமல் இலவசமாக இயங்குகிறது, பெற்றோரும் அழைக்கலாம். 12 முதல் 25 வயதுவரையான இளையோர் தமது பெயரைச் சொல்லாமலே 'பில் சாந்தே ஜேன்' சேவையுடன் 0 800 235 236 இல் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 15.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. தாள் வந்த அன்று பேச வேண்டாம். முதலில் நாம் அமைதியாக வாசிப்போம். பிரெஞ்சு விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கேட்போம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்து, அந்த வாயாலேயே அதன் குறையைச் சொல்ல வைப்பது கொடுமை.

2. ஆசிரியரிடம் நேரம் கேட்டுச் சந்திப்போம். "எங்கே சறுக்குகிறது? பள்ளியில் என்ன உதவி செய்கிறீர்கள்? வீட்டில் நாம் என்ன செய்யலாம்?" என்ற மூன்று கேள்விகள் போதும். "என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது?" என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம்.

3. கண்ணையும் காதையும் சோதிப்போம். கண் தெரியாத பிள்ளையைச் சோம்பேறி என்று பேசிய வீடுகள் உண்டு. கண்ணாடிச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 2020 முதல், மேலதிகக் காப்புறுதி உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட வகைக் கண்ணாடிகள் முழுமையாக ஈடுசெய்யப்படுகின்றன.

4. வாசிப்பிலோ பேச்சிலோ தடை நீடித்தால் குடும்ப மருத்துவரிடம் சீட்டு வாங்கி ஓர்த்தோபொனிஸ்ற்றைப் பார்ப்போம். காத்திருப்பு நீளமாக இருக்கும் என்பதால் பல இடங்களில் பெயரைப் பதிவது நல்லது. வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

5. பள்ளி உளவியலாளரைச் சந்திக்க வேண்டும் என்று பெற்றோரே கேட்கலாம். அது 'பைத்தியம்' என்ற அர்த்தமில்லை. கொலேஜில் தாதி இருப்பார். பொது மருத்துவ-உளவியல் நிலையமான 'சேயெம்பே'யில் கட்டணமில்லாமல் பிள்ளையைக் காட்டலாம்.

6. வாசிப்புக் குறைபாடு உறுதியானால் பள்ளியில் 'பே-ஆ-பே' என்ற தனித் துணைத்திட்டம் கேட்கலாம். பிறெவே, பக் போன்ற பரீட்சைகளில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது சலுகை இல்லை, உரிமை. எம்மவர் பலர் இதை அறியாமலே விட்டுவிடுகிறார்கள்.

7. தமிழை நிறுத்த வேண்டாம். பிரெஞ்சுப் புள்ளி குறைந்ததும் முதலில் நாம் வெட்டுவது வீட்டுத் தமிழை. எமது அரைகுறைப் பிரெஞ்சைக் கேட்டு வளர்வதைவிட, நிறைவான தமிழில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளரும் பிள்ளைக்கே மொழியறிவு ஆழமாகும். அந்த அத்திவாரத்தில்தான் இரண்டாவது மொழியும் ஏறும்.

8. உறக்கம், சாப்பாடு, விளையாட்டு. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணிநேர உறக்கமும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கமும் வேண்டும். காலையில் வெறுவயிற்றில் அனுப்ப வேண்டாம், முதல்நாள் இடியப்பம் இருந்தாலும் போதும். புதன்கிழமை கணிதம், சனிக்கிழமை தமிழ், ஞாயிற்றுக்கிழமை மிருதங்கமும் நடனமும் என்று ஓடும் பிள்ளைக்கு, ஒன்றுமே செய்யாமல் இருக்க ஓர் அரைநாளாவது வேண்டும்.

9. ஒப்பீட்டை நிறுத்துவோம். அக்காவின் புள்ளி, மச்சாளின் புள்ளி, லண்டனில் உள்ள பெரியம்மா மகனின் புள்ளி எதுவும் எமது பிள்ளையின் வயிற்றுநோவுக்கு மருந்தாகாது.

எம்மை நாமே கேட்க வேண்டியது

பெற்றோரை மட்டும் குறைசொல்லி ஒதுங்க எமக்கும் தகுதியில்லை. தமிழ்ப் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்களை எமது இதழிலும் பெரிதாகப் போட்டிருக்கிறோம். ஆண்டுவிழா மேடையில் முதல் மூன்று பேருக்கே கேடயம் கொடுத்திருக்கிறோம். கீழே இருந்து கைதட்டிய பிள்ளைகளின் முகத்தை நாம் பார்த்தோமா? ஒரு சொல்லும் தெரியாமல் வந்து, ஆண்டு முடிவில் அம்மம்மாவோடு தொலைபேசியில் தமிழில் கதைக்கப் பழகிய பிள்ளைக்கு என்ன பரிசு கொடுத்தோம்? இனி முன்னேற்றத்துக்கும் பரிசு கொடுப்பதென்றும், விழாவில் எல்லாப் பிள்ளைகளையும் மேடையேற்றுவதென்றும் எமக்குள் பேசியிருக்கிறோம். பெற்றோர் தமது கருத்தைச் சனிக்கிழமை வகுப்பில் எம்மிடம் நேரில் தெரிவிக்கலாம்.

பள்ளியிலிருந்து வந்த தாளை வாசிக்க உதவி வேண்டியவர்களும் அதே வகுப்பு நேரத்தில் வரலாம். பிரெஞ்சு நன்கு தெரிந்த எமது இளையோர் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துவார்கள். பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம், தாளை மட்டும் கொண்டுவாருங்கள்.

அந்த ஏழு வயது மகனின் தந்தையை அண்மையில் ரூ காயில் கண்டோம். தோளில் அரிசி மூட்டை. "இப்ப எப்படி வாசிக்கிறான்?" என்று கேட்டோம். "மணி பார்க்கிறதில்லை. இரவில தம்பிக்குக் கதை வாசிச்சுக் காட்டுறான், நானும் பக்கத்தில இருந்து கேக்கிறன்" என்றார். அவனுக்கு நிமிடத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று நாமும் கேட்கவில்லை.